மண்ணின் பிடியும் மனிதனின் என்பும்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு மண்ணுக்குள் உறங்கும் பழம்பொருள்கள் புதியனவல்ல. கிணறு தோண்டும்போதும், ஓடைக்கரை சரியும்போதும், சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும்போதும் கல்லாய் இறுகிய சங்கும் சிப்பியும் வெளிப்படுகின்றன. இன்று சோளமும் பருத்தியும் விளையும் இந்நிலம் முன்னொரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. அக்கடல் விட்டுச் சென்ற படிவுகளைத் தேடி 1840களிலேயே ஆங்கிலேயர் இங்கு வந்தனர். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்போர்டு இப்பாறைகளை வரைபடமாக்கினார். ஸ்டோலிச்கா இங்குக் கிடைத்த உயிர்ப்படிவங்களைத் தொகுதி தொகுதியாக விளக்கி எழுதினார். அன்று அவர்கள் இட்ட பாகுபாட்டின்படி இப்பாறைத் தொகுதிகளுள் ஒன்று இன்றும் உலக நூல்களில் அரியலூரின் பெயராலேயே வழங்குகின்றது.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று அன்பர்கள் பணித்தபோது, மன்னர்களின் வரலாற்றை எழுத எனக்கு மனம் வரவில்லை. என்பின் வரலாற்றை எழுதத் துணிந்தேன். நம் மண்ணில் தொடங்கி விண்வெளி வரை சென்று, மீண்டும் நம் வீட்டுத் திண்ணைக்கே திரும்பும் வரலாறு அது.

கல்லமேட்டில் கிடைத்ததும் இழந்ததும்

அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்னும் சிற்றூர் உள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் அங்கு அகழ்ந்தெடுத்த பேரென்புகளைப் பற்றி 1980களின் பிற்பகுதியில் அறிவித்தனர். அவை ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட டைனோசர் ஒன்றின் என்புகள். இடுப்பென்பு, தொடையென்பின் ஒரு பகுதி, கணைக்காலென்பு, வால் முள்ளென்பு முதலியன அவற்றுள் அடங்கும். கணைக்காலென்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று குறித்தனர். 'பேருடல் படைத்த பல்லி' என்னும் பொருள்பட அவ்விலங்குக்குப் பிருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். அதனோடு, முன்னர் இப்பகுதியின் டைனோசர் எச்சங்களை ஆராய்ந்த மாட்லி என்பாரின் பெயரையும் சேர்த்தனர். உலகில் வாழ்ந்த நிலவிலங்குகளுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று கருதுவோர் உளர்.

ஆயின் அவ்வென்புகளை இன்று எவரும் காண முடியாது. களிமண் செறிந்த படிவில், ஈரம் ஊறிய நிலையில் கிடந்த அவை, தோண்டியெடுத்துச் சாந்துக் கட்டுப் போட்டபின்னும் நொறுங்கித் துகளாயின. எஞ்சியவை பழைய ஒளிப்படங்களும் குறிப்புகளுமே. அவை என்பே அல்ல, கல்லாய்ப்போன மரம் என்று ஐயுற்றோரும் இருந்தனர். அய்யாசாமியும் மற்றோர் ஆய்வாளரும் அந்தப் பழைய ஒளிப்படங்களை 2022இல் வெளியிட்டு, அவை என்பே என நிறுவ முயன்றனர்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இன்றும் கிடந்த கோலத்திலேயே கிடக்கின்றது. 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனை உலகுக்கு அறிவித்தார். மரம் நின்றது, என்பு நிற்கவில்லை. 7 கோடி ஆண்டுகள் மண்ணின் பிடியில் கட்டுக்குலையாது இருந்த என்பு, அப்பிடி விலகிய சில நாள்களில் உதிர்ந்தது.

இந்நிகழ்ச்சியை எண்ணும்போதெல்லாம் மற்றொரு செய்தி என் நினைவில் எழும். மண்ணின் பிடியை விட்டு விண்வெளிக்குச் செல்லும் மனிதனின் என்பும் கரைகின்றது என்பதே அது. இரண்டுக்கும் காரணம் வேறு. கல்லமேட்டில் உதிர்ந்தது உயிரற்ற படிவம். ஈரமும் களிமண்ணும் அதனை அழித்தன. விண்வெளியில் கரைவது உயிருள்ள என்பு. அதனைக் கரைப்பது உடலே. எனினும், உயிருள்ள என்பு ஏன் மண்ணின் பிடியை வேண்டி நிற்கின்றது என்ற வினாவை என்னுள் எழுப்பியது கல்லமேடுதான்.

பாரமும் வடிவமும்

நம் சித்த மருத்துவ நூல்கள் உடற்கட்டுகளை ஏழாக வகுத்து, அவற்றுள் ஒன்றாக என்பை வைத்தன. திருமயிலையில் குடத்திலிருந்த என்பிலிருந்து பூம்பாவை உயிர்த்தெழுந்த கதையைப் பெரிய புராணம் பேசுகின்றது. என்பு உருகும் நிலையைப் பக்தி இலக்கியங்கள் பலவாறு பாடியுள்ளன. உடல் அழிந்தபின்னும் எஞ்சுவது என்பு. ஆகவே அதுவும் உருகியது என்றால் அதற்கு மேல் உருக ஒன்றுமில்லை என்பது அப்புலவர்களின் கருத்தாதல் வேண்டும். என்பை நிலைத்ததொரு தூணாகவே நாம் எண்ணி வந்துள்ளோம்.

அறிவியல் வரலாறு வேறொன்றைச் சொல்கின்றது. 1638இல் கலிலியோ தம் இறுதிப் பெருநூலில் இரண்டு என்புகளை வரைந்து காட்டினார். ஒன்று சிறியது; மற்றொன்று அதனினும் மும்மடங்கு நீண்டது. நீளம் மும்மடங்கானால் பருமனும் மும்மடங்கானால் போதாது. அதனினும் மிகுதியாகத் தடித்தால்தான் பேருடலின் பாரத்தைத் தாங்கும் என்றார். கல்லமேட்டு விலங்கின் கால் ஏன் அத்துணைப் பெரிது என்பதற்கு விடை அன்றே எழுதப்பட்டுவிட்டது.

1866இல் சூரிச் நகரில் மற்றொரு நிகழ்ச்சி. மேயர் என்னும் உடற்கூற்றியல் பேராசிரியர் தொடையென்பின் தலைப்பகுதியை நெடுக்காக அறுத்து, உள்ளே ஓடும் நுண்ணிழைகளின் ஒழுங்கைக் காட்டினார். அங்கிருந்த கட்டடப் பொறியாளர் குல்மான் அதனைக் கண்டு வியந்தார். பாரந்தூக்கிப் பொறியின் கையில் இழுவிசையும் அமுக்கவிசையும் எவ்வழியே செல்லும் என்று தாம் கணக்கிட்டு வரைந்த கோடுகளை அவ்வென்பினுள் கண்டதே அவ்வியப்புக்குக் காரணம். இவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்த செருமானிய அறுவை மருத்துவர் வூல்ஃப், என்பு தான் தாங்கும் பாரத்துக்கேற்பத் தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்கின்றது என்னும் விதியை 1892இல் நூலாக வெளியிட்டார்.

அவ்விதி செயற்படும் முறை பின்னர் தெளிவாயிற்று. என்பினுள் அரிக்கும் அணுக்களும் ஆக்கும் அணுக்களும் இரவும் பகலும் உழைக்கின்றன. பழைய சுவரை ஒரு சாரார் இடிக்க, மறு சாரார் புதிதாக எழுப்புகின்றனர். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் நம் என்புக்கூடு பெரும்பாலும் புதிதாகிவிடுகின்றது. எங்கே இடிப்பது, எங்கே எழுப்புவது என்று உணர்த்துபவை என்பின் உள்ளே புதைந்திருக்கும் மூன்றாம் வகை அணுக்கள். நாம் நடக்கும்போதும் சுமக்கும்போதும் என்பு மிக நுட்பமாக வளைகின்றது. அந்த அசைவை உணர்ந்தே அவை ஆணையிடுகின்றன. அசைவும் பாரமும் இல்லையெனில், இந்தச் சுவர் தேவையில்லை என்று அவை முடிவு செய்கின்றன. இடித்தல் தொடர்கின்றது, எழுப்புதல் பின்தங்குகின்றது.

படுக்கையிலிருந்து விண்வெளிக்கு

இதனை மனிதரிடம் அளந்தறிந்த ஆய்வு, விண்கலங்கள் தோன்றுமுன்னரே நடந்தது. நலமான இளைஞர் நால்வர் தாமே இசைந்து, இடுப்பிலிருந்து கால்விரல் வரை சாந்துக் கட்டு இட்டுக்கொண்டு சில வாரங்கள் அசையாது படுத்திருந்தனர். அவர்களுடைய உணவும் கழிவும் நாள்தோறும் அளக்கப்பட்டன. நோயில்லாத அவ்வுடல்களிலிருந்தே சுண்ணாம்புச் சத்து சிறுநீர் வழியே மிகுதியாக வெளியேறியதை 1948இல் வெளியான அவ்வாய்வு காட்டியது. அதனை நடத்திய அமெரிக்க மருத்துவர்களுள் ஒருவர் வீடன். கால் நூற்றாண்டு கழித்து விண்வெளியில் அதே ஆய்வை நடத்தும் பொறுப்பும் அவரிடமே வந்தது.

1965இல் ஜெமினி விண்கலங்களில் சென்றவர்களின் குதிகால் என்புகளைப் புறப்படுமுன்னும் திரும்பியபின்னும் ஊடுகதிரால் படம் பிடித்தனர். சில நாள்களிலேயே பேரிழப்பு என்று முதலில் கணித்தனர். பிறகு அக்கணிப்பு மிகையெனத் திருத்தினர். 1970 ஜூன் திங்களில் சோவியத் நாட்டின் சோயுஸ் 9 கலத்தில் நிக்கோலயேவ், செவஸ்தியானோவ் இருவரும் ஏறத்தாழ 18 நாள்கள் இருந்து திரும்பினர். மண்ணில் இறங்கியதும் அவர்களால் தாமாக நிற்கவும் நடக்கவும் இயலவில்லை. எடையற்ற நிலை ஓய்வன்று என்பதை உலகம் அப்போது கண்ணாரக் கண்டது. அடுத்த ஆண்டு ஏவிய சல்யூட் நிலையத்தில் ஓடுபொறி இடம்பெற்றது.

1973, 1974 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்கைலாப் நிலையத்தில் மூன்று குழுக்கள் முறையே 28, 59, 84 நாள்கள் தங்கின. உண்ட ஒவ்வொரு கவளத்தையும் கணக்கிட்டு, கழிவுகளையும் பத்திரமாகப் பூமிக்குக் கொணர்ந்து வீடன் குழுவினர் அளந்தனர். நாள் செல்லச் செல்ல உடல் பழகிக்கொள்ளும், இழப்பு தானே நின்றுவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. 84 நாள்கள் ஆகியும் இழப்பு நிற்கவில்லை.

பின்வந்த அளவீடுகள் இன்னும் தெளிவானவை. உரிய பயிற்சி இல்லாதபோது விண்வெளி வீரரின் இடுப்பென்பு திங்களொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை அடர்த்தியை இழக்கின்றது. மாதவிடாய் நின்ற பெண் ஓராண்டில் இழப்பதை அவர் ஒரு திங்களில் இழக்கின்றார் எனலாம். இழப்பு எங்கும் ஒன்றுபோல் இல்லை. மண்ணில் பாரம் தாங்கிய இடுப்பும் காலும் முதுகின் கீழ்ப்பகுதியும் மிகுதியாகத் தேய்கின்றன. பாரம் தாங்காத மண்டையோடு தேய்வதில்லை. மிகச் சுமந்த என்பே மிகக் கரைகின்றது. கரைந்த சுண்ணாம்புச் சத்து குருதியில் கலந்து சிறுநீரில் சேர்வதால் கல்லடைப்பு நோய் வரவும் வாய்ப்பு மிகுகின்றது.

நம்மவர் சென்ற வழி

1984 ஏப்ரல் 3ஆம் நாள் ராகேஷ் சர்மா சோயுஸ் கலத்தில் புறப்பட்டு, சல்யூட் 7 நிலையத்தை அடைந்தார். அங்கு அவர் செய்த பணிகளுள் ஒன்று யோகப் பயிற்சி. எடையற்ற நிலையின் தீங்குகளைத் தாங்க யோகம் உதவுமா என்று அறிவதே நோக்கம். மிதக்கும் உடலை நிறுத்தி வைக்க மீள்நார்களால் தம்மைக் கட்டிக்கொண்டு அவர் ஆசனங்களைச் செய்தார். 8 நாள்கள் என்பின் தேய்வை அளக்கப் போதாதவை. எனினும் பாரத நாட்டின் முதல் விண்வெளி வீரர் எடுத்துச் சென்ற வினாக்களுள் உடலைப் பற்றிய இவ்வினாவும் இருந்தது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

2003 ஜனவரியில் கல்பனா சாவ்லா கொலம்பியா விண்கலத்தில் இரண்டாம் முறையாகச் சென்றார். அக்கலம் சுமந்த ஆய்வுகளுள் என்பணுக்கள் விண்வெளியில் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை அறியும் கனடா நாட்டு ஆய்வும் ஒன்று. பிப்ரவரி 1ஆம் நாள் கலம் சிதைந்து எழுவரும் மாண்டனர். அறிவின் பொருட்டு அவர்கள் கொடுத்தது என்பின் அடர்த்தியை மட்டுமன்று, உயிரையே.

இந்திய வழித்தோன்றலான சுனிதா வில்லியம்ஸ் 2007 ஏப்ரலில், பாஸ்டன் நகரில் நடந்த நெடுந்தொலைவு ஓட்டத்தை விண்வெளி நிலையத்தின் ஓடுபொறியில் ஓடி முடித்தார். மிதந்து விலகாதிருக்க அவரை வார்களால் பொறியோடு பிணைத்திருந்தனர். மண்ணில் இலவசமாகக் கிடைக்கும் பாரத்தை அங்கே வாரும் நாரும் கொண்டு செயற்கையாக உண்டாக்க வேண்டியுள்ளது. 2024 ஜூன் திங்களில் சில நாள் பயணமாகச் சென்ற அவர், கலத்தின் கோளாற்றால் 286 நாள்கள் தங்கி 2025 மார்ச்சில் திரும்பியதை நாம் அறிவோம்.

ராகேஷ் சர்மாவுக்குப் பின் 41 ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் 25ஆம் நாள் சுபான்ஷு சுக்லா புறப்பட்டு, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கி, ஜூலை 15ஆம் நாள் திரும்பினார். எடையற்ற நிலையில் தசை ஏன் மெலிகின்றது, மீண்டும் எவ்வாறு வளர்கின்றது என்னும் இந்திய ஆய்வு ஒன்றையும் அவர் அங்கு நடத்தினார். ககன்யான் திட்டத்துக்கென 2024இல் அறிவிக்கப்பெற்ற நால்வருள், அவரோடு சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர். 2035ஆம் ஆண்டுக்குள் சொந்த விண்வெளி நிலையம் அமைக்கும் இலக்கையும் நம் நாடு அறிவித்துள்ளது. அங்கே பல திங்கள் தங்கப்போகும் நம் பிள்ளைகளின் என்பைக் காப்பது எப்படி என்னும் வினா, ஆகவே, அயலார் வினா அன்று.

மருந்தும் மீட்சியும்

விடை ஓரளவு கிடைத்துள்ளது. 1994 முதல் 1995 வரை மிர் நிலையத்தில் தொடர்ந்து 437 நாள்கள் இருந்த உருசிய மருத்துவர் பொல்யாகோவ், இடைவிடாப் பயிற்சியின் பயனால் கலத்திலிருந்து இறங்கித் தாமே சில அடி நடந்து நாற்காலியில் அமர்ந்தார். பன்னாட்டு நிலையத்துக்கு 2008இன் இறுதியில் வந்து சேர்ந்த பொறி ஒன்று, பளு தூக்குவதற்கு நிகரான எதிர்விசையைத் தருகின்றது. அதில் முறையாகப் பயின்று, போதிய உணவும் வைட்டமின் டி சத்தும் பெற்றவர்கள் என்பின் அடர்த்தியைப் பெரும்பாலும் காத்துத் திரும்பினர் என 2012இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மண்ணில் என்பு மெலிவு நோய்க்குத் தரும் மருந்தையும் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்துப் பயன் கண்டனர்.

ஆயினும் முழு வெற்றி இல்லை. நான்கு முதல் ஏழு திங்கள் தங்கித் திரும்பிய 17 வீரர்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட செய்தி கவலை தருவது. ஓராண்டு ஆனபின்னும் அவர்களுள் ஒன்பதின்மரின் கணைக்காலென்பு முழுமையாக மீளவில்லை. என்பினுள் தாங்குகோல்போல் நிற்கும் நுண்ணிழைகள் ஒருமுறை முற்றும் அறுந்தால், எஞ்சிய இழைகள் தடிக்கலாம். அறுந்த இழை மீண்டும் தோன்றுவது அரிது. செவ்வாய்க் கோளுக்குச் செல்வதற்கே அரையாண்டுக்கு மேல் ஆகும்; அங்குள்ள ஈர்ப்போ நம் மண்ணின் ஈர்ப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. அதனை எண்ணுவோர் இவ்விழைகளைக் கருத்தில் கொண்டே ஆக வேண்டும்.

திண்ணைக்குத் திரும்புவோம்

என் அப்பாயி வயல் வேலை செய்தவர். விறகுக் கட்டும் சோளத்தட்டைக் கட்டும் தலையில் சுமந்தே முதுமை எய்தினார். எழுபது வயதைக் கடந்தபின்னும் முதுகு வளையாது நடந்தார். ஒருநாள் வாசற்படியில் தவறி விழுந்தார். "ஆயா அசையாம படுத்திருக்கட்டும், அதுதான் நல்லது" என்று வீட்டிலுள்ள அனைவரும் அன்பினால் சொன்னோம். தண்ணீர்ச் செம்பையும் கையருகே கொண்டுபோய் வைத்தோம். "என்னைச் சும்மா வைக்காதீங்கடா, ஏதாச்சும் வேலை குடுங்க" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். காயம் ஆறிய பின்னரும் நாங்கள் விடவில்லை. மூன்று திங்களில் கால் மெலிந்தது. பிறகு அவர் எழவே இல்லை.

1948இல் அந்த நால்வர் படுத்திருந்து காட்டியதையும், ஸ்கைலாப் வீரர்கள் மிதந்து காட்டியதையும் பின்னாளில் படித்தபோது, எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அதே நிகழ்ச்சி நடந்திருந்தது என்பது விளங்கியது. விழுந்ததன் பாதிப்பும் முதுமையும் அதில் பங்கு கொண்டிருக்கலாம். ஆயின் அவர் கேட்ட வேலையை நாங்கள் கொடுக்கவில்லை என்பது இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. விண்வெளி ஆய்வால் ஏழை எளியவருக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. முதியோரைத் தக்க துணையோடு விரைவில் எழுப்பி நடக்கவைக்க வேண்டும் என்று இன்று மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர். படுக்கையிலும் விண்வெளியிலும் நிகழ்ந்த அந்நெடிய ஆய்வுகள் அவ்வறிவுரைக்கு அரண் செய்கின்றன.

சுமை தூக்கித் தேய்ந்த உடல்களையும் நான் அறிவேன். வயிற்றுக்குப் போதிய உணவின்றி அளவுக்கு மீறிச் சுமந்த பெண்களின் முதுகு வளைந்து போவதை நம் ஊர்களில் கண்டுள்ளோம். பாரம் போற்றத்தக்கது என்று சொல்லி எவர் தலையிலும் சுமையேற்ற நான் எழுதவில்லை. தாங்கும் அளவுக்கு உணவும், உணவுக்கேற்ற உழைப்பும் ஒருங்கே வேண்டும் என்பதே என்பு நமக்குச் சொல்லும் நீதி.

அன்பர்களே, நம் நிலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். என்பு சுண்ணாம்பும் பாஸ்பரமும் சேர்ந்து ஆனது. அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கின்றது. அதனை அடுத்த ஊட்டத்தூர்ப் படிவுகளில் பாஸ்பேட் கட்டிகள் கிடைக்கின்றன. என்புக்குரிய சரக்கெல்லாம் நம் காலடியில் உள்ளது. ஆயினும் சரக்கு மட்டும் என்பாவதில்லை. தாங்குவதற்கு ஒன்று வேண்டும். தாங்கிய பாரத்தின் வரலாறே என்பாக எழுதப்படுகின்றது. பாரம் நீங்கினால் எழுதியது அழிகின்றது.

மொழிக்கும் இது பொருந்தும் என்று கவிஞர்களாகிய உங்கள் முன்னே சொல்ல எனக்கு அச்சமில்லை. எதையும் தாங்காத சொல் விரைவில் உள்ளீடற்றுப் போகும். பத்து ஆண்டுகளாகத் திங்கள்தோறும் கூடி, ஒருவர் கவிதையை மற்றவர் எடையிட்டு, குறை சொல்லியும் நிறை சொல்லியும் நம் வட்டம் வளர்ந்துள்ளது. அவ்வெடை சில வேளைகளில் வலித்ததுண்டு. அதுவே நம் எழுத்துக்கு என்பாயிற்று.

கல்லமேட்டில் இழந்தவை இழந்தவையே. ஆயின் அந்நிலத்தில் இன்னும் எத்தனை என்புகள் மண்ணின் பிடியில் காத்துக் கிடக்கின்றனவோ! அடுத்த முறை ஓடைக்கரை சரியும்போது வெளிப்படுவதைக் கண்டு அறிவிக்கவும், உரியவர் வந்து சேரும்வரை கலையாமல் காக்கவும் நம்மில் ஒருவரேனும் அங்கு இருத்தல் வேண்டும். பத்தாண்டு கண்ட வட்டம் அப்பொறுப்பையும் தாங்கட்டும். தாங்கி மேலும் உறுதி பெறட்டும்.